தண்ணி என்ன?

கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்பதற்கெல்லாம் கடப்பிதழே பதில் சொல்லிவிடும். உண்மையான விசாரணை அதற்குப் பிறகு, ஏதாவதொரு மாமாக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் நடக்கிறது. தோளில் துண்டு போட்ட இளைஞன் வந்து நின்று, "தண்ணி என்ன?" என்கிறான். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தால் ஆள் உள்ளூர். "மெனு இருக்கா?" என்று கேட்டால் சுற்றுப்பயணி.

நம்மாள் மெனு கேட்டார்.

இவரைப் போல் ஒருவர் மலேசியத் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் உண்டு. பெயர் சொன்னால் வீட்டுக்கு வீடு சண்டை வரும், ஆகவே நம்மாள் என்றே இருக்கட்டும். ஜெராமுக்குப் பக்கத்தில், சுங்கை செம்பிலாங் போகிற வழியில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மெல்பர்னில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பனிக்காலம் வரும்போதெல்லாம் ரொட்டி சானாய் கனவு கண்டவர். "சொந்த நாட்டை ஒருதரமாவது ஒழுங்கா சுத்திப் பாத்துரணும்" என்று கிளம்பி வந்து, கோல சிலாங்கூர் தாமான் வீட்டில் இருக்கும் அக்காவிடம் இறங்கியிருக்கிறார். கைப்பேசியில் கடைகளின் பட்டியல் வேறு. அக்காவோ எந்தக் கடைக்கும் பெயர் சொல்வதில்லை. 'பாலத்துக்கிட்ட மொட்டையன் கடை' என்றால் அதுவே முகவரி.

அந்தக் காலைக்குத் திரும்புவோம். "டீ... பால் போடணும், ஆனா அந்த இனிப்புப் பால் வேணாம், சீனி கொஞ்சமா..." என்று நம்மாள் தம் தேவையை விளக்கிக்கொண்டே போனார். இளைஞன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணி கலக்குகிற பக்கம் திரும்பி, "தே சி, கூராங் மானிஸ், சத்து!" என்று ஒரு குரல் கொடுத்தான். முடிந்தது. பையனுக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவன் உள்ளூர்க்காரனாகிவிட்டான், இவர் இன்னும் ஆகவில்லை.

தே என்றால் கெட்டிப் பாலும் இனிப்பும் சேர்ந்தது. தே ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. இரண்டும் வேண்டாதவருக்கு தே ஓ கொசோங். குளிர்ச்சியாக வேண்டுமானால் மாமாக் கடையில் ஆயிஸ், சீனர் கடையில் பெங். காப்பியையும் தேநீரையும் ஒரே கோப்பையில் ஊற்றினால் அதற்கு சாம் என்று பெயர். பொட்டலம் கட்டச் சொன்னால், பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஓரமாக முடிச்சுப் போட்டு, உறிஞ்சுகுழலைச் செருகிக் கையில் தருவார்கள். அதற்கும் முந்திய காலத்தில் காலியான பால் டின்தான் பாத்திரம். மூடியில் துளை போட்டுக் கயிறு கோத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். இதையெல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. ஆனால் நாட்டில் எல்லா இனத்தாரும் தவறில்லாமல் பேசுகிற மொழி எது என்று கேட்டால், தண்ணி சொல்லும் மொழியைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

இது உலக அளவில் அங்கீகரிக்கப்பட்ட விஷயம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அமைப்பு நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் பெயர் சொல்லி, பல இன மக்கள் சேர்ந்து பசியாறும் மலேசியப் பழக்கத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூர் தன் அங்காடிக்கடைப் பண்பாட்டுக்கு 2020லேயே இந்தப் பட்டத்தை வாங்கிவிட்டதால், நடுவில் நான்கு வருடம் மலேசியர்களுக்கு உண்ட சோறு செரிக்கவில்லை. முடிவெடுத்த கூட்டம் நடந்த இடம் தென்னமெரிக்காவில், பராகுவே நாட்டின் தலைநகர் அசுன்சியோன். ஜெராமில் ரொட்டி கிழிப்பவர் சீன முதலாளியான தவுக்கேயின் மகனோடு ஒரே மேசையில் உட்காருகிறார் என்ற செய்தி பராகுவே வரை போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்பியிருக்கிறது. நம்மாள் இதைப் பெருமையோடு அக்காவிடம் சொன்னார்.

"அப்ப விலைய ஏத்திருவானுங்க" என்றார் அக்கா.

ஒரே மேசை என்பதும் சும்மா வந்ததல்ல. சீனர் காப்பிக்கடையில் பன்றி இறைச்சி இருக்கலாம் என்று மலாய்க்காரர் தயங்குவார். மாட்டிறைச்சி இருக்கிற இடத்தில் நம்மவரில் பலர் உட்கார மாட்டார்கள். வெள்ளிக்கிழமை அக்காவுக்கு மரக்கறி. எல்லாருடைய தயக்கத்தையும் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் மிஞ்சுவது தமிழ் முஸ்லிம் நடத்துகிற மாமாக் கடை. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், கால்பந்து காட்ட பெரிய திரை இருக்கும், ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். தேச ஒற்றுமைக்கு மாநாடுகள் செய்ததைவிட இந்தக் கடைகள் செய்தது அதிகம் என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பைத் தாராளமாக ஊற்றுகிறார்கள் என்பதும் அந்தக் கட்சிக்கு ஒரு காரணம்.

சீனர் காப்பிக்கடைக்குத் தனிக் கதை. தென்சீனத்து ஹைனான் தீவிலிருந்து பிந்தி வந்தவர்களுக்கு, முந்தி வந்த சீனர்கள் நல்ல தொழில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் வீட்டில் சமையல்காரராகப் போனார்கள், கப்பலில் சமைத்தார்கள், பிறகு காசு சேர்த்துக் காப்பிக்கடை போட்டார்கள். கடையின் வாசனைக்குக் காரணம் அவர்கள் காப்பிக்கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்த விதம். கோல சிலாங்கூர் டவுனில் அக்கா கூட்டிப்போன கடையில் பளிங்கு மேசை. மூலையில் துணிப்பை வடிகட்டி, பல வருடக் காப்பி ஏறி அட்டைக் கறுப்பு. தவுக்கே கெண்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றும்போது கோப்பையைப் பார்ப்பதே இல்லை, வாசலில் போகிறவர்களைத்தான் பார்க்கிறார். காப்பி தட்டில் வழிகிறது. பக்கத்து மேசைப் பெரியவர் வழிந்ததைத் தட்டோடு உறிஞ்சிவிட்டுத்தான் கோப்பைக்கு வருகிறார். அரைவேக்காட்டு முட்டை இரண்டு, சோயா சாறு, வெள்ளை மிளகுத்தூள், காயா தடவிய ரொட்டி. நம்மாள் படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டினார். முட்டை ஆறிவிட்டது.

கோல சிலாங்கூருக்குக் காப்பி சம்பந்தமான வேறொரு வம்பும் உண்டு. டவுனுக்கு மேலே புக்கிட் மலாவாத்திக் குன்றில் பழைய கோட்டை. 1784ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு வருடமே சுல்தான் இப்ராஹிம் அவர்களை விரட்டிவிட்டார். டச்சுக்காரர்கள் பொறுமைசாலிகள். ஈப்போவின் வொயிட் காப்பியை நாடெங்கும் கொண்டுபோன ஓல்ட் டவுன் நிறுவனத்தை 2018ல் ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு காப்பி நிறுவனம் வாங்கிவிட்டது. இம்முறை பீரங்கி தேவைப்படவில்லை. குன்றில் இப்போது 1907ல் கட்டிய கலங்கரை விளக்கமும், சுற்றுலாப் பயணிகளிடம் பயத்தங்காய் வாங்கித் தின்னும் வெள்ளி நிறக் குரங்குகளும் காவல் இருக்கின்றன. பயத்தங்காய் கட்டு அங்கேயே விற்கிறார்கள். குரங்குகள் மெனு கேட்பதில்லை.

காப்பியும் தமிழரும் இந்த மாநிலத்தில் பழைய கூட்டாளிகள். 1890களில் சிலாங்கூர்த் தோட்டங்களில் பெரிய பயிர் ரப்பர் அல்ல, காப்பிதான். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் முதலில் களை பிடுங்கியது காப்பிச் செடிக்கு. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் வந்து கொட்டியதில் விலை விழுந்தது, துரைமார்கள் ரப்பருக்குத் தாவினார்கள். பிறகு அதிலிருந்தும் செம்பனைக்கு. பெஸ்தாரி ஜெயா பக்கம் தென்னமரம் என்றொரு தோட்டம் இருக்கிறது. ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டது அங்கேதான். மனிதர் அதோடு நில்லாமல் மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930ல் பிரான்சின் கொங்கூர் பரிசையும் வாங்கிவிட்டார். இன்று ரொட்டி சானாய் தவாவில் நீந்துகிற எண்ணெய்க்கு ஆதிமூலம் அந்த மரங்கள். துரை எழுதினார், நம்மவர்கள் வெட்டிச் சுமந்தார்கள். இப்போது வெட்டிச் சுமக்கிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

நம்மாள் பிறந்த லயத்தைப் பார்க்கப் போனார். லயம் இல்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை, செம்பனை நின்ற இடத்தில் இரட்டை மாடித் தாமான். கோயில் மட்டும் அதே இடத்தில், புதுச் சாயத்தோடு இருந்தது. வாசலில் ஒரு வண்டிக்காரர் வடை விற்றுக்கொண்டிருந்தார். வருத்தப்படுவதற்கு நின்றவர் ஆறு மசால்வடை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் "பழைய ருசியைத் தேடி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நம்மாளும் அப்படித்தான் ஆரம்பித்தார். அக்காவோடு வண்டியில் சுற்றச் சுற்ற ஓர் உண்மை வெளிப்பட்டது: இந்த இடங்களில் முக்கால்வாசியை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தோட்டம் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. பிரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில், கள்ளுக்கடை, கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதும் மளிகைக் கடை, எல்லாம் வேலிக்குள்ளேயே. வெளியே போவதென்றால் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு. திரும்பும்போது அப்பா கையில் ஒரு பொட்டலம் மீ கோரிங், அதை ஆறு பேர் பங்கு போடுவார்கள். கடல் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் மீன் வருவது மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிய மீன்காரர் மூலம். சொந்த நாட்டைத் திரும்பிப் பார்க்க வந்தவர், முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுங்கை செம்பிலாங்கையே எடுத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் அந்தப் பெயரைச் சாலைப் பலகையில் மட்டும் படித்தவர். போனால் மீனவர் கிராமம், படகுத்துறை, சேறு, வலை. செம்பிலாங் என்பது கெளுத்தி இனத்து மீன், முள் குத்தினால் விஷம் கடுக்கும். புளியும் மிளகாயும் போட்டு ஆசாம் பெடாஸ் வைத்தால் அந்தக் கோபமெல்லாம் அடங்கிவிடுகிறது. மலாய்க் கடைக்கார அம்மா முள்ளை எப்படித் தவிர்ப்பது என்று கையாலேயே காட்டிக் கொடுத்தார். "இவ்வளவு கிட்டத்துல இருந்துட்டு இப்பத்தான் சாப்பிடுறேங்கா" என்று நம்மாள் உருகினார். "நானும் இப்பத்தான்டா" என்றார் அக்கா. அவர் இந்த மாவட்டத்தை விட்டு எங்கும் போனதே இல்லை.

செகிஞ்சானில் இன்னும் மோசம். கடலோரச் சாலையில் வடக்கே போனால் தஞ்சோங் காராங் தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வயல். பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து வருடத்தில் இரண்டு போகம் எடுக்கிறார்கள். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த நம்மாள், ஒரு மணி நேரத் தூரத்தில் விளைந்த நெல்லைத் தலை நரைத்த பிறகுதான் பார்த்தார். அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ஹாங்காங் தொலைக்காட்சி ஒன்று 2014ல் இங்கே நாடகம் எடுத்து ஒளிபரப்பிய பிறகுதான் கோலாலம்பூர்க்காரர்களே கூட்டம் கூட்டமாக வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சொந்த வயலைப் பார்க்க ஹாங்காங் வழியாகப் போக வேண்டியிருந்தது.

தஞ்சோங் காராங்கில் மதியச் சாப்பாடு நாசி அம்பெங். பெரிய தாம்பாளம், நடுவில் சோறு, சுற்றிலும் வறுத்த மீ, சோயாவில் புரட்டிய கோழி, தேங்காய்த் துருவல் செருண்டிங், தெம்பே, கருவாடு. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட வேண்டும். இரண்டு பேர் மட்டும் வந்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்த மலாய்ப் பெரியவரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பேச்சு வளர்ந்ததில் தெரிந்தது: பெரியவரின் தாத்தா ஜாவாவிலிருந்து கப்பலில் வந்து, சதுப்பில் வாய்க்கால் வெட்டியவர். இந்தக் கரையோரத்தில் அப்படி ஜாவாக் குடும்பங்கள் நிறைய. நம்மாளின் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான். இரண்டு தாத்தாக்களும் பக்கத்துப் பக்கத்தில் முதுகு ஒடிய வேலை பார்த்திருக்கிறார்கள், சந்தித்திருக்க மாட்டார்கள். பேரன்கள் ஒரே கோழிக்காலுக்கு "நீங்க எடுங்க, நீங்க எடுங்க" என்று மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். அதை அக்கா எடுத்துக்கொண்டார்.

வாழை இலைச் சாப்பாட்டிலாவது தன் கொடி பறக்கும் என்று நம்மாள் நம்பினார். அங்கேயும் அடுத்த மேசையில் ஒரு சீனக் குடும்பம். பாட்டி ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சுகிறார், பேரன் மோர் மிளகாய் இன்னும் கொண்டுவரச் சொல்கிறான், சாப்பிட்டு முடித்து இலையைத் தங்கள் பக்கமாக முறையாக மடிக்கிறார்கள். இந்தப் பக்கம் மெல்பர்ன்காரர் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், கரண்டி கேட்டார். அக்கா தெரியாதவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைப்பேசிப் பட்டியலில் கடைசியாக மிஞ்சியது புது மாதிரிக் காப்பிக்கடை. ஸ்டார்பக்ஸ் 1998ல் கோலாலம்பூரில் முதல் கடை திறந்தது. உள்ளூர் சூஸ் காப்பி 2019ல் ஆரம்பித்துத் தெருவுக்குத் தெரு முளைத்தது. இவை போதாதென்று 'அந்தக் காலத்து' அலங்காரம் செய்த கடைகள் வேறு. நம்மாள் அக்காவைக் கூட்டிப்போன கடையின் பெயர் இங்கே வேண்டாம். சுவரில் பால் வெட்டும் கத்தி, பால் வாளி, மண்ணெண்ணெய் விளக்கு. காப்பி வந்தது எனாமல் மங்கில், பதினெட்டு வெள்ளி. நம்மாளுக்குக் கண் கலங்கியது. அக்கா மங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அம்மா கோழிக்கில்ல தண்ணி வைப்பாங்க?"

சுவர்க் கத்தியைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது: கூர் போய்விட்டது, பட்டையில் இறங்காது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வரக்காப்பியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு மரம் வெட்டப் போனவரின் கருத்து என்பதால் கடைக்காரர்கள் இதைக் கவனிப்பது நல்லது. ஏக்கத்தை விற்பதில் தவறில்லை. ஆனால் ஏங்க வேண்டியவர்களே வாங்க முடியாத விலைக்கு விற்பதுதான் உறுத்துகிறது.

அக்கா அங்கே குடித்தது வெந்நீர். அவருக்குச் சர்க்கரை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. கெட்டிப் பால் டின்களின் பங்கு அதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆகவே மற்ற கடைகளில் அவர் தே ஓ கொசோங்தான் சொல்கிறார். கூடவே இரண்டு குவே லாப்பிஸ் எடுத்துக்கொள்கிறார். தண்ணியில் சீனி இல்லையே என்பது அவர் கணக்கு, தம்பி கணக்கராக இருந்தும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில தகவல்கள். கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூருக்கு 2011 முதல் நெடுஞ்சாலை இருக்கிறது, தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. நாசி லெமாக் பொட்டலத்துக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் காலி வாழை இலைதான் இருக்கும். பாசிர் பெனாம்பாங் ஆற்றோரக் கடைகளில் நண்டும் இறாலும் எடைக்கு விலை. வாய் திறந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், பில் வந்த பிறகு கேட்டால் பசி மட்டுமல்ல, எல்லாம் அடங்கிவிடும். சாப்பிட்டுவிட்டுக் கம்போங் குவாந்தான் போனால் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்கலாம். படகில் கேமரா வெளிச்சம் அடிக்காதீர்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், டவுனில் இருக்கிற பழைய சீனர் காப்பிக்கடைக்குப் போய்விடுங்கள். தவுக்கேக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள், கெண்டியைப் பிடிக்க அடுத்த ஆள் இல்லை.